நரிப்பயறு: சேலத்து மேட்டுக்காட்டில் தேடிக் கண்டறிந்து விதை சேர்க்க முழுமையான வழிகாட்டி

சேலத்தில் காட்டுச் செடி பார்க்க வேண்டும் என்றதும் பலரும் ஏற்காடு பஸ்ஸைத்தான் பிடிக்கிறார்கள். நரிப்பயற்றைத் தேடுகிறவர்கள் மலையேற வேண்டியதில்லை. இது வெயில் கேட்கும் செடி. நிலக்கடலைக் காட்டு வரப்பு, தண்ணீர் வடிந்த ஏரியின் உள்வாய், ஆடு மேய்ந்து தரையோடு தரையாகிப் போன மந்தைவெளி, தார்ச்சாலை ஓரத்துச் செம்மண் என்று மனிதர் நடமாடும் இடங்களில்தான் இது நன்றாகப் படர்கிறது. தினமும் மிதித்துக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான்.

பச்சைப்பயறும் உளுந்தும் எந்தப் பேரினமோ அதே விக்னா பேரினம்தான் இதுவும். அறிவியல் பெயர் விக்னா ட்ரைலோபேட்டா. மண்ணுக்கு உரம், கால்நடைக்குத் தீவனம், பயிர் விஞ்ஞானிக்கு மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் மரபணுக்களின் மூலம் என்று மூன்று வகையில் வேண்டியிருக்கிற செடி, நம் ஊரில் களை என்ற ஒரே பெயரோடு கொத்திப் போடப்படுகிறது. இதைச் சரியாக அடையாளம் காணத் தெரிந்தவர்கள் சேலம் மாவட்டத்தில் இன்னும் நிறையப் பேர் வேண்டும் என்பதற்காகவே இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

முதல் படி: எந்தப் பெயரில் தேடுவது

ஊர்ப்பெயரை மட்டும் நம்பினால் வேறு செடியில் போய் நிற்போம். நரிப்பயறு என்று ஒரு ஊரில் சொல்வதைப் பக்கத்து ஊரில் காட்டுப்பயறு என்பார்கள். அதே காட்டுப்பயறு என்ற பெயரை இன்னோர் ஊரில் முற்றிலும் வேறான கொடிக்கு வைத்திருப்பார்கள். தெலுங்குக்காரர்கள் இதைப் பில்லிபெசர என்கிறார்கள். ஆந்திராவில் நெல் அறுவடைக்குப் பின் தீவனமாகவும் பசுந்தாள் உரமாகவும் விதைக்கும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆயுர்வேத நூல்களில் வரும் முத்கபர்ணி இதுதான் என்று கொள்வார்கள். சரகர் ‘ஜீவனீய’ (உயிர்வலு தரும்) வரிசையில் சொல்லும் பத்து மூலிகைகளில் முத்கபர்ணி ஒன்று. அதே வரிசையில் உள்ள மாஷபர்ணி வேறு செடி. அது டெராம்னஸ் லேபியாலிஸ் என்ற கொடி. மூலிகைக் கடையில் இவ்விரண்டும் இடம் மாறிக் கிடைப்பதுண்டு என்பதால் வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

பழைய உலர்தாவரத் தாள்களில் (செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிப் பாதுகாக்கும் தாள்களில்) தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. லின்னேயஸ் 1767இல் இதை டோலிகாஸ் பேரினத்தில் வைத்தார். பின்னர் பேசியோலஸுக்குப் போயிற்று. பெர்னார்ட் வெர்ட்கோர்ட் என்ற தாவரவியலாளர் 1968இல் விக்னாவுக்கு மாற்றினார். ஆகவே பழைய தாள்களில் பேசியோலஸ் ட்ரைலோபஸ் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் நம் நரிப்பயறுதான். பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அதை நான்காம் படியில் பார்ப்போம்.

இரண்டாம் படி: காலமும் இடமும்

சேலம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் கிடைக்கிறது, வடகிழக்குப் பருவமழையும் கிடைக்கிறது. புரட்டாசி, ஐப்பசியில் மழை நன்றாக இருக்கும். நரிப்பயறு இந்த ஓட்டத்தோடு ஒட்டிப் போகிறது. கோடை மழைக்கு நாற்று எட்டிப் பார்க்கும், ஆடிக்குப் பிறகு படரும், ஆவணியிலிருந்து பூக்கும். மார்கழி வரை பூவும் காயும் ஒன்றாகப் பார்க்கலாம். ஏரிக்கரை ஈரத்தில் இருக்கும் செடி மாசி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். மழை தள்ளிப்போன ஆண்டில் இந்தக் கணக்கும் தள்ளிப்போகும். ஒரே முறை பார்க்க முடியும் என்றால் ஐப்பசி பாதிக்கு மேல் போங்கள். பூ, பிஞ்சு, முற்றிய நெற்று மூன்றும் ஒரே செடியில் இருக்கும் காலம் அது.

இனி இடம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டருக்கும் சற்றுக் குறைவான உயரத்தில் இருக்கிறது. சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேல், ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில் இருக்கிறது. இத்தனை குறுகிய தூரத்தில் இவ்வளவு உயர வேறுபாடு இருப்பது செடி பார்க்கிறவர்களுக்குப் பெரிய வசதி. அடிவாரத்தில் உசிலும் வேலமும் நிற்கும் வறண்ட புதர்க்காடு, நடுவில் இலையுதிர் காடு, மேலே சில்வர் ஓக் நிழலில் காப்பி என்று ஒரு மணி நேரத்தில் மூன்று உலகங்களைக் கடக்கலாம். நரிப்பயறு முதல் உலகத்துக்காரன். காப்பித் தோட்டத்து நிழலும் குளிரும் அதற்கு ஒத்துவராது. மலையில் பயறு இனக் காட்டுக்கொடிகள் நிறைய உண்டு, ஆனால் அவை வேறு.

கீழ்க்கண்ட வகை நிலங்களில் தேடலாம்.

ஏரிகளின் நீர் வடிந்த விளிம்பு. கன்னங்குறிச்சி மூக்கனேரி, பனமரத்துப்பட்டி ஏரி, மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் தண்ணீர் பின்வாங்கும் ஓரங்கள் எல்லாம் இதற்கு ஏற்றவை. கரையின் மேலே தேட வேண்டாம். கரைக்கும் தண்ணீருக்கும் நடுவில், வண்டல் காய்ந்து வெடிக்கத் தொடங்கும் பட்டையில் நடந்து பாருங்கள். சீமைக்கருவேலம் அடர்ந்துவிட்ட இடத்தில் கிடைக்காது.

மானாவாரிக் காடுகளின் வரப்பு. ஓமலூர், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கத்துச் செம்மண் காடுகளில் நிலக்கடலை, சோளம், ஆமணக்கு, மரவள்ளி நடும் நிலங்களின் விளிம்புகள் நல்ல இடம். களைக்கொல்லி அடித்த காட்டில் வரப்பு பழுப்பாகக் கிடக்கும். அங்கே நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

மேய்ச்சல் தரை. இதை நான் மற்ற எல்லா இடத்துக்கும் மேலாகச் சொல்வேன். ஆடும் மாடும் உயரமான புல்லைக் கடித்து வைத்த இடத்தில்தான் தரையோடு ஒட்டிப் படரும் செடிக்கு வெளிச்சம் கிடைக்கிறது. அறுகம்புல், சிறுபுள்ளடி, செப்புநெருஞ்சில், விஷ்ணுகிரந்தி, மூக்கிரட்டை ஆகியவை கூட்டமாகத் தெரிந்தால் நின்று குனிந்து பாருங்கள். நரிப்பயறு அந்தக் கூட்டத்தில் ஒரு ஆள்.

கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் மேடுகளைப் பற்றியும் கேட்பார்கள். அங்கே மண்ணில் மெக்னீசியம் மிகுதி, செடிகொடிகளின் சேர்க்கையே வேறு. சுரங்க எல்லைக்குள் அனுமதியில்லாமல் நுழையவும் கூடாது. முதல் தேடலுக்கு அந்த இடம் வேண்டாம்.

பட்டா நிலத்தில் இறங்குவதற்கு முன் நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காப்புக்காட்டுக்குள் ஒரு இலையைப் பறிக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். சேர்வராயன் மலைச்சரிவில் பெரும்பகுதி காப்புக்காடு. ஆடு மேய்ப்பவர்களிடம் பேசுங்கள். “அண்ணா, இந்தப் பயத்தங்கொடிக்கு நம்ம பக்கம் என்னங்க பேரு? ஆடு திங்குதுங்களா?” என்று செடியைக் கையில் காட்டிக் கேட்டால் போதும். எந்தக் காட்டில் எப்போது படரும், எந்த மாதத்தில் காய்ந்து போகும், ஆடு முதலில் எந்தப் பகுதியைக் கடிக்கும் என்பதெல்லாம் அவர்கள் சொல்லித்தான் தெரியவரும். செடியைக் காட்டாமல் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள்.

மூன்றாம் படி: செடியைத் தலை முதல் வேர் வரை படித்தல்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, 15 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று, காகித உறைகள், பென்சில். இவை போதும். காலை ஏழிலிருந்து பத்துக்குள் பாருங்கள். உச்சி வெயிலில் சிற்றிலைகள் தம் விளிம்பைச் சூரியனுக்குக் காட்டி நிமிர்ந்து நின்றுவிடும், பூவும் சோர்ந்துவிடும். சிற்றிலைகள் ஒவ்வொன்றின் அடியிலும் உள்ள சிறிய அதைப்புதான் இந்த அசைவைச் செய்கிறது. மாலையில் இதே அதைப்பு இலைகளை மடக்கித் தொங்கவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் நண்பகலில் போய்ச் செடி வாடிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். வாடவில்லை, தண்ணீரைச் சேமிக்கிறது.

தண்டிலிருந்து தொடங்குங்கள். மெல்லிய தண்டுகள் நடுவேரிலிருந்து நாலாபக்கமும் தரையில் ஓடும். பெரும்பாலும் முக்கால் மீட்டருக்குள் முடிந்துவிடும், ஈரம் இருந்தால் இன்னும் நீளும். மேய்ச்சல் தரையில் ஒரு சாணுக்குள்ளேயே அடங்கியிருக்கும். தண்டு வழவழப்பாக இருக்கும், அல்லது அங்கங்கே சில மயிர்கள் மட்டும் தென்படும். பக்கத்துச் செடியைச் சுற்றி ஏறும் வேகம் இதற்குக் கிடையாது. புதரைப் பற்றி இரண்டடி, மூன்றடி உயரத்துக்குச் சுற்றிக்கொண்டு போகிற கொடியைப் பார்த்தால் அது வேறு இனம் என்று முதலிலேயே சந்தேகப்படுங்கள்.

இலை மூன்று சிற்றிலைகளைக் கொண்ட கூட்டிலை. ஒவ்வொரு சிற்றிலையும் 1 முதல் 3 சென்டிமீட்டர். நுனிச் சிற்றிலையில் மூன்று மடல்கள் தெளிவாகப் பிரிந்திருக்கும். நடுமடல் பெரிது, அடியில் குறுகி மேலே கரண்டி நுனி மாதிரி அகன்று வட்டமாக முடியும். பக்கச் சிற்றிலைகள் இரண்டும் சமச்சீர் இல்லாமல் வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அவற்றில் இரண்டு மடல் மட்டுமே இருந்தாலும் குழம்ப வேண்டாம். ஒரே செடியில் அடி இலைகளின் மடல் ஆழம் குறைவாகவும் நுனி இலைகளில் அதிகமாகவும் இருப்பது இயல்பு. எனவே ஒரே இலையைப் பறித்துப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தண்டின் அடி, நடு, நுனி என்று மூன்று இடத்திலும் பாருங்கள். இலைக்காம்பு சிற்றிலையைவிட நீளம், சில செடிகளில் 10 சென்டிமீட்டர் வரை போகும். தரையில் படுத்திருக்கும் தண்டிலிருந்து இந்த நீண்ட காம்புதான் இலையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறது.

அடுத்தது இலையடிச்செதில். என் மனதுக்கு இந்தச் செடியில் முக்கியமான உறுப்பு இதுதான், பலரும் பார்க்காமல் விடுவதும் இதைத்தான். இலைக்காம்பு தண்டோடு சேரும் கணுவில் இரு பக்கமும் முட்டை வடிவில் பச்சையாக ஒட்டியிருக்கும். நீளம் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர் முதல் 1 சென்டிமீட்டர். அதன் அடிவிளிம்பு தண்டோடு ஒட்டியிருக்காது. ஒட்டும் புள்ளி விளிம்புக்கு உள்ளே தள்ளி இருக்கும், அதனால் கீழ்ப்பகுதி கணுவைத் தாண்டித் தொங்கும். லென்ஸ் வைத்து இந்த ஒட்டுப்புள்ளியைப் பார்த்துவிட்டால் விக்னா பேரினத்தின் ஆசியக் குழுவில் நிற்கிறோம் என்று தைரியமாகச் சொல்லலாம். ரிங்கோசியா, டெராம்னஸ் போன்ற மூவிலைக் கொடிகளை இந்த ஒரே உறுப்பை வைத்து ஒதுக்கிவிடலாம்.

பூவுக்கு வருவோம். இலைக்கக்கத்திலிருந்து ஒரு காம்பு எழுந்து இலையையும் தாண்டி நேராக நிற்கும். 10 சென்டிமீட்டர் முதல் 20 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கலாம். செடி தரையில் கிடக்க, பூ மட்டும் மேலே தனியாக நிற்பதால் தூரத்திலிருந்தே தெரியும். காம்பின் உச்சியில் மட்டும் சில பூக்கள் நெருக்கமாக இருக்கும். பூ மஞ்சள், பச்சைப்பயற்றின் பூவைவிடச் சிறியது, 1 சென்டிமீட்டரைத் தொடாது. கொடியிதழ் ஒன்று, சிறகிதழ் இரண்டு, படகிதழ் இரண்டு என்ற வழக்கமான பயற்றுப் பூ அமைப்புதான். ஆனால் படகிதழ்கள் முறுக்கிச் சுருண்டிருக்கும். இடப்பக்கப் படகிதழில் சிறிய பை ஒன்று புடைத்திருக்கும். பச்சைப்பயறு, உளுந்து உள்ளிட்ட ஆசிய விக்னாக்களுக்கு உரிய அடையாளம் அந்தப் பை. மகரந்தத்தாள்கள் பத்து; ஒன்பது ஒட்டியிருக்கும், ஒன்று தனி. சூல்தண்டு சூல்முடியையும் தாண்டி ஒரு அலகாக நீளும்.

பூங்கொத்தின் கணுக்களில் எறும்புகள் மொய்ப்பதைக் காண்பீர்கள். பூவுக்கு வெளியே அங்கே தேன் சுரப்பிகள் இருக்கின்றன. அதற்காகவே எறும்புகள் வருகின்றன. பூமொட்டையும் பிஞ்சையும் தின்னும் சின்னப் பச்சைப் புழு கிடைத்தால் நசுக்க வேண்டாம். பயறு இனச் செடிகளில் முட்டையிடும் சின்ன நீல வண்ணத்துப்பூச்சிகளின் புழுவாக இருக்கலாம். நரிப்பயறு அவற்றுக்கு உணவுச்செடி.

காய் உருளையாக, மெலிதாக இருக்கும், நீளம் 2.5 முதல் 5 சென்டிமீட்டர், அகலம் 3 முதல் 4 மில்லிமீட்டர். முற்றினால் கரும்பழுப்பாகும், உள்ளே 6 முதல் 12 விதைகள். வெயில் ஏறும் நேரத்தில் நெற்று இரண்டாகப் பிளந்து இரு பாதிகளும் முறுக்கிக்கொள்ளும், விதை தெறித்துப் போகும். விதை சிறியது, கருமையும் பழுப்பும் கலந்த புள்ளிகளோடு இருக்கும், மேற்பரப்பு லென்ஸில் சொரசொரப்பாகத் தெரியும்.

வேரை எல்லாச் செடியிலும் பிடுங்க வேண்டாம். கூட்டமாக இருக்கும் இடத்தில் ஒன்றை மட்டும் ஈர மண்ணோடு தோண்டி எடுத்து, தண்ணீரில் அலசுங்கள். நடுவேரிலும் பக்கவேர்களிலும் உருண்டை முடிச்சுகள் இருக்கும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு என்றால் பாக்டீரியா உயிரோடு காற்றின் நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. லெக்ஹீமோகுளோபின் என்ற பொருள் தரும் நிறம் அது. வெள்ளையாக இருந்தால் இன்னும் இளசு. பச்சையோ பழுப்போ ஆகியிருந்தால் வேலை முடிந்துவிட்டது. தட்டைப்பயற்றோடு கூடி வாழும் ரைசோபியம் என்ற வேர்முடிச்சு பாக்டீரியாக் குழுவே இதற்கும் பொருந்தும். அதனால் தட்டைப்பயறு விளைந்த காட்டில் இதற்கு முடிச்சுப் பிடிப்பது எளிது.

நான்காம் படி: ஏமாற்றும் உறவினர்கள்

அடையாளம் பிசகுவது பெரும்பாலும் இங்கேதான், ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் விக்னா ஸ்டிபுலேசியா. நெடுங்காலமாக இதையும் நரிப்பயற்றையும் ஒன்றென்றே எழுதிவந்தார்கள். பழைய உலர்தாவரத் தாள்களைப் பற்றி மேலே ‘பெரும்பாலும்’ என்றது இதனால்தான். தமிழ்நாட்டில் மினிப்பயறு என்ற பெயரில் சிறு அளவில் பயிராகவும் இருக்கிறது. இலையடிச்செதில்தான் இரண்டையும் பிரிக்கும். ஸ்டிபுலேசியாவில் அது 1 சென்டிமீட்டரைத் தாண்டி இலை அளவுக்கே பெரிதாக, கணுவை மூடிக்கொண்டிருக்கும். செடி முழுவதும் பருமனாக, சதைப்பற்றோடு தெரியும். ஈரம் தங்கும் கரிசல், களிமண், நெல் வயல் இதற்குப் பிடித்த இடம். செடி கொழுத்திருக்கிறது, செதில் பெரிது, இடம் வயல் என்று மூன்றும் சேர்ந்தால் நரிப்பயறு என்று எழுதாதீர்கள்.

அடுத்து விக்னா அகோனிடிபோலியா. வடக்கே ராஜஸ்தானில் மோட் என்று பயிரிடும் பயறு. அதன் சிற்றிலை இன்னும் ஆழமாக, மூன்று முதல் ஐந்து ஒல்லியான கீற்றுகளாகக் கிழிந்திருக்கும். தண்டில் மயிர் அதிகம். நரிப்பயற்றின் மடல்கள் அகலமானவை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழப்பமே வராது.

மலைப்பக்கம் போகிறவர்களுக்குக் காட்டுப் பச்சைப்பயறு கிடைக்கலாம். நாம் சுண்டல் செய்யும் பச்சைப்பயற்றின் மூதாதை அது. விக்னா ரேடியாட்டாவின் சப்லோபேட்டா வகை என்று எழுதுவார்கள். புல்லைச் சுற்றிக்கொண்டு ஏறும். தண்டிலும் காயிலும் பழுப்பு மயிர் நிறைய இருக்கும். சிற்றிலை பெரிது, மடல் ஆழமில்லை. காயைத் தடவிப் பார்த்தாலே கை சொல்லிவிடும்.

சிராட்ரோ என்ற தீவனக்கொடி அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. சிற்றிலையில் மடல் இருப்பதால் பூக்காதபோது ஏமாற்றும். பூத்தால் கருஞ்சிவப்பு. ரிங்கோசியா மினிமாவும் மஞ்சள் பூதான், வேலியோரத்தில் நிறைய இருக்கும். ஆனால் அதன் சிற்றிலை மடலில்லாத சாய்சதுரம், அடிப்பக்கம் சுரப்பிப் புள்ளிகள், காய் தட்டையாக இரண்டே விதையோடு. மாஷபர்ணியாகிய டெராம்னஸுக்கும் மடல் கிடையாது. காய் நுனியில் கொக்கி வளைந்திருக்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் காட்டுப் பச்சைப்பயறா நரிப்பயறா என்ற ஐயம் தீரவில்லை என்றால் விதையை முளைக்க வைத்துப் பாருங்கள். பச்சைப்பயற்றிலும் உளுந்திலும் வித்திலைகள் மண்ணுக்கு மேலே வரும். அதற்கடுத்து வரும் முதல் இரு தனியிலைகளுக்குக் காம்பு இருக்காது. நரிப்பயற்றிலும் வித்திலைகள் மேலே வரும், ஆனால் அந்த முதல் இரு தனியிலைகளுக்குத் தெளிவான காம்பு இருக்கும். முளைத்துப் பத்து நாளுக்குள் தெரிந்துவிடும் அடையாளம் இது, பூக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஐந்தாம் படி: மாதிரி எடுத்தலும் பதிவும்

ஒரு கூட்டத்தில் இருபது செடியாவது இருந்தால் மட்டும் ஒன்றை எடுங்கள். தண்டை வேரோடு எடுத்து, பூ, பிஞ்சு, நெற்று மூன்றும் தெரியும்படி செய்தித்தாளில் விரியுங்கள். ஒரு இலையையாவது அடிப்பக்கம் மேலே தெரியுமாறு திருப்பி வையுங்கள். ஒரு கணுவில் இலையடிச்செதில் மடங்காமல் படிய வேண்டும். மாதிரியின் பயன் பாதி அங்கேதான் இருக்கிறது. பூவின் இதழ்கள் காய்ந்தால் நிறம் மங்கும், வடிவம் குலையும். எனவே இரண்டு பூக்களைத் தனியாகப் பிரித்து இதழ்களைத் தாளில் பரப்பி அழுத்துங்கள். முதல் மூன்று நாட்கள் தினமும் தாளை மாற்றுங்கள். சேலத்துக் காற்றில் தாளை ஒழுங்காக மாற்றினால் ஒரு வாரத்துக்குள் காய்ந்துவிடும். ஏற்காட்டில் தங்கி அழுத்துகிறவர்களுக்குக் கூடுதல் நாள் ஆகும், பூஞ்சை பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

சீட்டில் ஊர், தாலுகா, உயரம், மண்ணின் நிறம், கூட இருந்த செடிகள், பூவின் நிறம், உள்ளூர்ப் பெயர், பெயரைச் சொன்னவரின் ஊர், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். பென்சிலில் எழுதினால் ஈரத்தில் ஊறாது.

இந்த மாதிரியை வீட்டில் வைத்துக்கொள்வதால் யாருக்கும் பயனில்லை. பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் கேட்டுப் பாருங்கள். திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. பாதிரியார் கே. எம். மேத்யூ தொடங்கிய இடம்; சேலம், சேர்வராயன் மலை உள்ளிட்ட, தாவரவியலார் ‘கார்னாடிக்’ என்று அழைக்கும் தமிழ்நாட்டுப் பகுதியின் தாவரங்களை அவர் குழு ஊர் ஊராகச் சேகரித்தது அங்கேதான் இருக்கிறது. கோயம்புத்தூரில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. நம் ஊர் மாதிரியை ஒப்பிட வேண்டுமென்றால் இந்த இரண்டு இடங்களும் போதும்.

ஆறாம் படி: விதை சேர்த்து நம் காட்டில் விதைத்தல்

நெற்று கறுத்து, வெடிக்காமல் இருக்கும் நிலையில் அதிகாலைப் பனியோடு பறியுங்கள். வெயில் ஏறினால் கையிலேயே தெறிக்கும். கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்க வேண்டாம். பறித்ததைத் துணிப்பைக்குள் போட்டுக் கட்டிக் காயவையுங்கள். நெற்று வெடிக்கும் சத்தம் பைக்குள்ளேயே கேட்கும், விதை சிதறாது.

காட்டு விதைக்குக் கடினத்தோல். அப்படியே விதைத்தால் சிலது முளைக்கும், மற்றவை மண்ணுக்குள்ளேயே கிடந்து அடுத்தடுத்த மழைகளுக்கு முளைக்கும். மழை பொய்க்கும் நிலத்தில் செடிக்கு இது பெரிய பாதுகாப்பு. ஒரே சமயத்தில் முளைக்க வேண்டும் என்று நினைக்கும் நமக்கு இடைஞ்சல். இரண்டு உப்புத்தாள்களுக்கு நடுவே விதையை வைத்து, பளபளப்பு போகும் வரை மெதுவாகத் தேயுங்கள். விதைத்தழும்பின் பக்கம் அழுத்த வேண்டாம், முளை அங்கேதான் இருக்கிறது. பிறகு இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் உப்பியவற்றை விதைக்கலாம். உப்பாதவற்றை மறுபடி தேயுங்கள்.

பசுந்தாள் உரத்துக்கென்று விதைப்பவர்கள் ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ விதை போடுவார்கள். காட்டில் பொறுக்கிய விதை அந்த அளவுக்குச் சேராது, சேர்க்கவும் கூடாது. முதல் ஆண்டு ஒரு சென்ட் நிலத்தில் விதைத்து விதையைப் பெருக்குங்கள். ஆடிப்பட்டத்தில், அல்லது புரட்டாசி மழையை ஒட்டி, ஒரு அடி இடைவெளியில் அரை அங்குல ஆழத்துக்குப் போடுங்கள். ஆழம் கூடினால் வித்திலை மேலே வரத் திணறும். முதல் மூன்று வாரம் களை எடுத்துக் கொடுத்தால் போதும், பிறகு அதுவே தரையை மூடிவிடும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் போடாதீர்கள்.

தென்னை, மா, எலுமிச்சைத் தோப்புகளில் வரிசைக்கு நடுவே வெயில் விழும் இடத்தில் இதை மூடுபயிராக விடலாம். மரவள்ளியில் விட நினைப்பவர்கள் முதல் இரண்டு மாதத்துக்குள் விட்டால்தான் வெளிச்சம் கிடைக்கும். மடக்கி உழுவதென்றால் பூக்கத் தொடங்கும்போது உழுங்கள்; நெற்று பிடித்த பிறகு உழுதால் தண்டு முற்றிவிடும், மட்க நாளாகும். ஆட்டுக்கு விடுவதென்றால் பசியோடிருக்கும் மந்தையை முதல் நாளே நேராக இறக்க வேண்டாம். இளம் பயற்றுக்கொடி வெறும் வயிற்றில் அதிகமானால் வயிறு ஊதும். கொஞ்சம் சோளத்தட்டு போட்ட பிறகு ஓட்டுங்கள்.

மருந்தாகச் சாப்பிடலாமா என்று கேட்பவர்கள் பதிவு பெற்ற சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் செடியோடு போங்கள். வரப்பில் பறித்ததை நேரே கஷாயம் வைக்க வேண்டாம். உறவினர் செடிகளோடு குழம்பும் வாய்ப்பை மேலே பார்த்தோம், வரப்புச் செடியில் பூச்சிமருந்தும் படிந்திருக்கும்.

ஏழாம் படி: இணையத்தில் பதிவு

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் ஆகிய தளங்களில் படமும் இடமும் ஏற்றலாம். செடி முழுவதும் தரையோடு தெரியும் ஒரு படம், அளவுகோல் வைத்த ஒரு கூட்டிலை, கணுவும் இலையடிச்செதிலும் நெருக்கத்தில், பூவின் முன்பக்கமும் பக்கவாட்டும், காய், விதை. இவற்றில் செதில் படம் இல்லாத பதிவை நிபுணர்களால் உறுதிசெய்ய முடியாமல் ‘விக்னா’ என்ற அளவிலேயே நிறுத்திவிடுவார்கள். சுற்றியிருக்கும் நிலத்தையும் ஒரு படம் எடுங்கள்: ஏரி உள்வாயா, வரப்பா, மேய்ச்சலா என்று அதில் தெரிய வேண்டும். குறிப்பில் கடைசியாக மேய்ந்தது ஆடா மாடா, களைக்கொல்லி அடித்த அடையாளம் உண்டா என்றும் ஒரு வரி சேருங்கள். அதே இடத்துக்கு அடுத்த ஐப்பசியில் போய் அதே கோணத்தில் இன்னொரு படம் எடுத்து அதே பதிவோடு இணையுங்கள்.